வெயில் ஊரை விட்டுப் பனி ஊருக்கு: ஹூஸ்டனிலிருந்து மினசோட்டா வந்த கதையும் கணக்கும்

பனிக்குப் பயந்து ஊர் உலகமே டெக்சாஸுக்கும் ஃபுளோரிடாவுக்கும் போகிறது, நீங்கள் என்ன மினசோட்டாவுக்குப் போகிறீர்கள்? ஹூஸ்டனை விட்டுக் கிளம்புகிறோம் என்று தெரிந்ததும் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் இதைக் கேட்காத ஆள் இல்லை. இங்கே வந்த பிறகு அதே ஆட்கள் போன் செய்து வேறு மாதிரி கேட்கிறார்கள். குளிர் நிஜமாகவே தாங்குமா, வரி எவ்வளவு பிடிக்கிறார்கள், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், அங்கே வேலை கிடைக்குமா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாங்கள் ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம் பல வருடம் இருந்துவிட்டு இப்போது மினியாபோலிஸ் அருகே பிளிமத்தில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அவ்வப்போது ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் தங்கிப் போகும் அத்தை. நான் சொல்லும் டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட். 32-இல் தண்ணீர் உறையும், அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

முதல் காரணம் வெயில். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வெயில் ஒரு விஷயமா என்று நீங்கள் நினைப்பீர்கள், நானும் போன புதிதில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சென்னையில் சாயங்காலம் கடல்காற்று வரும், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும், மொட்டைமாடி இருக்கும். ஹூஸ்டன் புறநகரில் ஜூன் தொடங்கி செப்டம்பர் முடிய வாழ்க்கை என்பது ஏசி வீடு, ஏசி கார், ஏசி கடை, திரும்ப ஏசி வீடு, அவ்வளவுதான். 2023 ஆகஸ்ட்டில் அங்கே 109 டிகிரி போனது, அதற்கு முன் 2000-இல் பதிவான உச்சத்தை அது தொட்டது. பகல் வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ராத்திரியிலும் 80-க்குக் கீழே இறங்காமல் புழுங்குகிறதே, அதுதான் ஆளைச் சாய்க்கும். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்பதே வெளியே விளையாடத்தானே, அங்கே அந்த மூன்று மாதமும்தான் அவர்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். காலை எட்டரை மணிக்கே பூங்காவில் சறுக்குமரம் தொட முடியாத சூடு. மூத்தவனுக்கு வீசிங் உண்டு. ஈரக்காற்று, பூஞ்சை, அடிக்கடி வரும் ஓசோன் எச்சரிக்கை எல்லாம் சேர்ந்து கோடை வந்தாலே இன்ஹேலரும் கையுமாகத் திரிவான்.

வெயில் மட்டும் என்றால் அங்கேயே இருந்திருப்போம். புயலும் கரண்ட்டும்தான் எங்களைக் கிளப்பியது. 2017-இல் ஹார்வி வந்தபோது டெக்சாஸில் சில இடங்களில் நான்கைந்து நாளில் 60 அங்குல மழை கொட்டியது. கேட்டி பக்கத்தில் பார்க்கர் நீர்த்தேக்கத்துக்கு மேற்கே ஆயிரக்கணக்கான வீடுகளில் தண்ணீர் புகுந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். வெள்ள நீரைப் பிடித்து வைப்பதற்காக ஒதுக்கிய நிலப்பரப்பின் விளிம்பில்தான் தங்கள் வீடு இருக்கிறது என்பதே அங்கே நிறையப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. வெள்ளக் காப்பீடு தனி, மத்திய அரசின் திட்டத்தில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், அதுவும் பொதுவாக எடுத்து 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் வந்த பிறகு எடுத்துப் பயனில்லை. இன்னும் டெக்சாஸிலேயே இருப்பவர்கள் இந்த ஒன்றையாவது இந்த வாரம் போய்ப் பாருங்கள்.

அப்புறம் 2021 பிப்ரவரி. ஹூஸ்டன் 13 டிகிரிக்கு இறங்கியது, டெக்சாஸ் முழுக்க 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கரண்ட் போனது, அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். டெக்சாஸின் மின்கட்டமைப்பு பக்கத்து மாநிலங்களோடு பெரிதாக இணைக்கப்படாதது, அதனால் வெளியிலிருந்து வாங்கவும் பெரிதாக வழியில்லை. இன்னும் நான்கைந்து நிமிடம் தாமதித்திருந்தால் மொத்தக் கட்டமைப்பும் விழுந்து, மறுபடி தூக்கி நிறுத்த வாரக்கணக்கில் ஆகியிருக்கும் என்று அதை நடத்துபவர்களே பின்னால் சொன்னார்கள். எங்கள் தெருவில் பல வீடுகளில் பரண் மேலே ஓடும் தண்ணீர்க் குழாய் வெடித்து சீலிங் இடிந்தது. கொல்லையில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்த எங்கள் கறிவேப்பிலை மரம் தரையோடு கருகிப்போனது. சித்திரை வாக்கில் வேரிலிருந்து ஒரு துளிர் விட்டதைப் பார்த்து அத்தை விளக்கேற்றினார்.

2024-இல் மே மாதம் ஒரு பெருங்காற்று, ஜூலை 8 பெரில் புயல். டெக்சாஸில் கரையேறியபோது பெரில் முதல் வகைப் புயல்தான், அதாவது வகைகளில் பலம் குறைந்தது, பெரிய புயல் என்று யாரும் பயப்படக்கூட இல்லை. ஹூஸ்டன் வட்டாரத்தில் 22 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. எங்களுக்கும் போனது, நாள் கணக்கில் வரவில்லை. அப்போது அத்தை எங்களோடு இருந்தார். வீட்டுக்குள் 90 டிகிரி. மூத்தவனுக்கு நெபுலைசர் வைக்க வேண்டும், அதற்கு கரண்ட் வேண்டும். கராஜுக்குள் வண்டியை ஓடவிடக் கூடாது, விஷவாயு சேர்ந்துவிடும் என்பதால் வெளியே டிரைவ்வேயில் காரை ஓடவிட்டு, இன்வெர்ட்டரில் மெஷினைச் செருகி, முன் சீட்டில் அவனை உட்கார வைத்து முகமூடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்ரோல் முள் இறங்குவதையும் மருந்து இறங்குவதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஸ்டேஷனிலும் கரண்ட் இல்லை, பெட்ரோல் தீர்ந்தால் என்ன செய்வது என்ற ஒரே யோசனைதான். இதைத்தான் என்னிடம் காரணம் கேட்பவர்களிடம் முதலில் சொல்கிறேன்.

இங்கே வந்து நான் புரிந்துகொண்ட பெரிய விஷயம் இது. குளிர் வெயிலை விட லேசானது என்று யாரும் சொல்ல முடியாது. மினியாபோலிஸில் ஜனவரி மாதச் சராசரி இரவு வெப்பநிலை பத்து டிகிரிக்கும் கீழே. 2019 ஜனவரி கடைசியில் மைனஸ் 28 வரை போயிருக்கிறது. ஆனால் இந்த ஊர் அதை எதிர்பார்த்துக் கட்டப்பட்ட ஊர். ஹூஸ்டனில் 13 டிகிரியில் வெடித்த அதே குழாய் இங்கே மைனஸ் 20-இல் வெடிப்பதில்லை, ஏனென்றால் அது பரணில் ஓடாது, வீட்டின் நடுச்சுவர் வழியாகவும் பேஸ்மெண்ட் வழியாகவும்தான் ஓடும். இந்தப் பகுதியில் அஸ்திவாரம் 42 அங்குல ஆழமாவது போக வேண்டும் என்பது கட்டட விதி, மண் அவ்வளவு ஆழம் உறையும் என்பதால். சுவருக்குள் சூடு காக்க அடைக்கும் பஞ்சு தடிமன், ஜன்னல் இரண்டு மூன்று கண்ணாடி அடுக்கு. ராத்திரி பனி பெய்தால் விடியுமுன் பெரிய சாலைகளில் வண்டிகள் வந்து வழித்துவிட்டுப் போகின்றன. அக்டோபர் முதல் ஏப்ரல் முடிய, பில் கட்ட முடியாதவர்கள் கம்பெனியோடு பேசித் தவணை போட்டுக்கொண்டால் சூடாக்கும் கரண்ட்டையோ கேஸையோ துண்டிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. குளிர் எந்த மாதம் வரும், எவ்வளவு வரும், எப்போது போகும் என்று எல்லோருக்கும் தெரியும். புயல் அப்படியில்லை. ஜூன் தொடங்கி நவம்பர் வரை ஆறு மாதம் டிவியில் வளைகுடா மேப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அந்தப் பதற்றம் எனக்கு இப்போது இல்லை. என் வரையில் இடம் மாறியதற்கான முழுப் பலன் அதுதான்.

சரி, பணத்துக்கு வருவோம், ஏனென்றால் கேள்வியில் பாதி அதுதான். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, மினசோட்டாவில் 5.35 சதவீதத்தில் தொடங்கி 9.85 வரை போகிறது. இதைக் கேட்டதும் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து 1,50,000 டாலர் வருமானம் என்று வையுங்கள். 2024 கணக்குப்படி, எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) போக மாநில வரி சுமாராக 7,500 டாலர் வரும். இப்போது வீட்டுவரியைப் பாருங்கள். கேட்டி பக்கத்தில் புதுக் குடியிருப்புகளில் பள்ளி வரி, கவுண்டி வரி, தண்ணீர் வடிகாலுக்கென்று போடும் மட் வரி எல்லாம் சேர்ந்து வீட்டு மதிப்பில் இரண்டரை, மூன்று சதவீதம்கூட வரும். 4,00,000 டாலர் வீட்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். பிளிமத், மேப்பிள் குரோவ் பக்கம் அதே விலை வீட்டுக்கு ஏறக்குறைய ஒன்றே கால் சதவீதம், அதாவது ஐயாயிரத்தை ஒட்டி. வித்தியாசத்தைப் பாருங்கள், வருமான வரியில் போவதில் பெரும்பகுதி வீட்டுவரியில் திரும்பிவிடுகிறது. வாடகைக்கு இருப்பவருக்கும், சம்பளம் மூன்று நான்கு லட்சம் வாங்குபவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்கு டெக்சாஸ்தான் லாபம். உங்கள் வீட்டுவரி ரசீது, காப்பீட்டு ரசீது, சம்பளச் சீட்டு மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களே ஒரு சாயங்காலம் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. வரி இல்லாத மாநிலம் என்ற ஒரு வார்த்தையை நம்பி முடிவு எடுக்காதீர்கள்.

சின்னச் சின்னதாக இன்னும் சில உண்டு. இங்கே துணிக்கு விற்பனை வரி கிடையாது, குளிர்கோட்டுக்கும் சேர்த்துத்தான். பள்ளியில் காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் வருமானம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம், 2023-இல் சட்டம் போட்டார்கள். பிள்ளை பிறந்தாலோ வீட்டில் யாருக்காவது பெரிய நோய் என்றாலோ சம்பளத்தில் ஒரு பகுதியோடு விடுப்பு எடுக்கும் திட்டம் 2026 ஜனவரியில் தொடங்கியிருக்கிறது. வரி எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். டேகேர் கட்டணம் மட்டும் இங்கே தலையைச் சுற்ற வைக்கும், கைக்குழந்தை இருப்பவர்கள் அதைக் கணக்கில் முதல் செலவாக எழுதுங்கள்.

வேலை இல்லாமல் வானிலைக்காக மட்டும் யாரும் வர வேண்டாம். நான் மருத்துவக் கருவித் துறையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன், எனக்கு இந்த ஊர் பொருந்தியது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1957 அக்டோபர் 31 அன்று மினியாபோலிஸில் கரண்ட் போனபோது, சுவர் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்த பேஸ்மேக்கர் நின்று ஒரு குழந்தை இறந்தது. மினசோட்டா பல்கலைக்கழக இதய அறுவை மருத்துவர் வால்டன் லில்லிஹை கேட்டுக்கொண்டதால், ஒரு கராஜில் மருத்துவக் கருவி ரிப்பேர் கடை வைத்திருந்த ஏர்ல் பேக்கன் சில வாரங்களில் பேட்டரியில் ஓடும் பேஸ்மேக்கரைச் செய்து கொடுத்தார். அந்தக் கராஜ்தான் மெட்ரானிக் என்ற மருத்துவக் கருவிக் கம்பெனி. அதைச் சுற்றி வளர்ந்த கம்பெனிகளால் இன்று இந்த வட்டாரம் முழுக்க என் துறைக்கு வேலை இருக்கிறது. ஐ.டி. ஆட்களுக்கு டார்கெட், பெஸ்ட் பை, யுனைடெட் ஹெல்த் மாதிரிப் பெரிய தலைமையகங்கள் இருக்கின்றன. ஆனால் எண்ணெய், எரிவாயுத் துறையில் இருப்பவர்களுக்கு ஹூஸ்டனை விட்டால் இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். எச்-1பி வேலை விசாவில் இருந்தால், அதே கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாக இருந்தாலும், வேறு பெருநகர வட்டாரத்துக்குப் போகுமுன் கம்பெனி திருத்த மனு போட்டாக வேண்டும். மேனேஜர் வாய்மொழியாகச் சரி என்றால் போதாது. கிரீன் கார்டுக்கான தொழிலாளர் சான்றிதழ் குறிப்பிட்ட இடத்துக்கானது. ஊர் மாறினால் பல நேரம் மறுபடி முதலிலிருந்து அதைச் செய்ய வேண்டிவரும். ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு, ஒப்புதல் ஆகியிருந்தால் வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் முன்னுரிமைத் தேதி பெரும்பாலும் கையில் இருக்கும். ஐ-485, அதாவது கிரீன் கார்டுக்கு நீங்கள் போடும் கடைசி விண்ணப்பம், போட்டு 180 நாள் ஆகியிருந்தால் அதே மாதிரி வேலைக்கு மாறும் வசதியும் உண்டு. ஒவ்வொருவர் நிலைமையும் வேறு, ஆகவே வீட்டை விற்குமுன் வக்கீலிடம் பேசுங்கள். எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு முடிந்த பிறகுதான் அட்டைப்பெட்டி வாங்கினோம்.

நாங்கள் வந்ததற்கு இன்னொரு காரணம், என் அக்கா குடும்பம் இங்கே பக்கத்தில் ஈகனில் இருப்பது. அவசரத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட ஒரு வீடு, முதல் பனிக்காலத்தில் எந்த பூட்ஸ் வாங்கலாம் என்று கேட்க ஒரு ஆள். மேப்பிள் குரோவில் பெரிய கோயில் இருக்கிறது, தமிழ்ச் சங்கம் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு இருக்கிறது. ஹூஸ்டன் அருகே பேர்லாந்து மீனாட்சி கோயிலில் பழகின கண்ணுக்கு வேறு மாதிரித்தான் இருக்கும், ஆனால் தனியாக வந்து விழுந்துவிட்டோம் என்ற எண்ணம் வரவில்லை. யாருமே இல்லாத ஊருக்கு நவம்பரில் போய் இறங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை. அவர்களைத் தேடிப் போய்ப் பேசுகிறேன்.

இனி குளிரோடு இருப்பது பற்றி. எல்லோரும் குளிரைக் கேட்கிறார்கள், உண்மையில் கஷ்டப்படுத்துவது இருட்டு. டிசம்பரில் நாலரை மணிக்குச் சூரியன் போய்விடும். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து ஒரு பால் குடிப்பதற்குள் வெளியே ராத்திரி. முதல் டிசம்பரில் என் கணவர் சாப்பாட்டில் நாட்டமில்லாமல், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் படுத்தே கிடந்தார். இது இங்கே பலருக்கு வருவது, இதற்குப் பெயரும் சிகிச்சையும் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கை காலையில் அரை மணி நேரம் முகத்துக்கு முன் வைத்துக்கொண்டு காபி குடிப்பது அவருக்கு நன்றாகவே உதவியது. நம் நிறத்துக்கு இந்த அட்சரேகையில் குளிர்காலம் முழுக்க வைட்டமின் டி தோலில் உருவாகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர் சொல்லும் அளவில் மாத்திரை எடுங்கள். இன்னொன்று, மதியம் பன்னிரண்டு மணிக்கு எவ்வளவு குளிராக இருந்தாலும் வெளியே போய் ஒரு கால் மணி நேரம் நடந்துவிட்டு வருவது. வெயில் அடிக்கும் ஜனவரி மதியத்தில் பனி மேல் பட்டு வரும் வெளிச்சம் கண்ணைக் கூசும், மனசுக்கு அது தேவை.

உடுப்பில் பணத்தைக் கோட்டில் மட்டும் கொட்டாதீர்கள். உள்ளே போடும் முதல் அடுக்குதான் முக்கியம், அது பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையில் நனைந்த பருத்தி பனியன் உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சிவிடும், கம்பளியோ அதற்கென்று வரும் செயற்கை நூலோ வாங்குங்கள். ஐந்து விரல் கையுறையை விட விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன் அதிகச் சூடு. பூட்ஸ் ஒரு சைஸ் தாராளமாக வாங்கினால்தான் தடித்த சாக்ஸோடு கால்விரல் அசையும், அசையாத விரல்தான் முதலில் மரத்துப்போகும். பிள்ளைகளைப் பள்ளியில் கடுங்குளிர் இல்லாத எல்லா நாளும் வெளியே விளையாட அனுப்புகிறார்கள், ஆகவே ஸ்னோபேண்ட், தொப்பி, மிட்டன் எல்லாம் இரண்டு செட், பெயர் எழுதி. சின்னப் பிள்ளைகளைக் கார் சீட்டில் வைக்கும்போது தடித்த கோட்டைக் கழற்றிவிட்டு பெல்ட்டை இறுக்கி, அதன் மேல் கோட்டைப் போர்வையாகப் போடுங்கள். கோட்டோடு பெல்ட் போட்டால் இறுக்கமாகத் தெரியும், விபத்து என்றால் கோட்டின் பஞ்சு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும்.

கார் விஷயத்தில் ஒரு உருப்படியான காரியம், டெக்சாஸிலிருந்து கிளம்புமுன்போ வந்த உடனோ கண்ணாடி கழுவும் நீரை மாற்றுவது. அங்கே பூச்சிக்கறை போக ஊற்றும் நீர் இங்கே குழாயிலேயே உறைந்து நிற்கும், மைனஸ் 20 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். பேட்டரி பழையது என்றால் அக்டோபரிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். பத்து டிகிரி இறங்கினால் டயரில் ஒரு பவுண்டு காற்று குறையும், ஆகவே முதல் குளிரில் டேஷ்போர்டு விளக்கு எரிந்தால் பதற வேண்டாம், காற்றடியுங்கள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி கிளம்ப உதவும், நிற்க உதவாது, நிற்க உதவுவது டயர்தான். விண்டர் டயர் போட்டுக்கொண்டு, முதல் பனி விழுந்த ஞாயிறு காலை ஆளில்லாத பார்க்கிங்கில் போய் பிரேக் அழுத்திப் பாருங்கள், வண்டி எவ்வளவு தூரம் சறுக்குகிறது என்று கால் கற்றுக்கொள்ளட்டும். பாலத்தின் மேல் சாலைக்கு முன்பே உறைந்துவிடும். மினியாபோலிஸ் நகரத்துக்குள் வாடகைக்கு இருந்தால் பனி அவசரநிலை அறிவிப்பு வரும்போது மூன்று நாளைக்குத் தெருவில் எந்தப் பக்கம் வண்டி நிறுத்தலாம் என்பது மாறிக்கொண்டே இருக்கும், அதற்கான குறுஞ்செய்திக்குப் பதிவு செய்யாவிட்டால் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சமையலறையில் இரண்டே பிரச்சினை. இட்லி மாவு மேடையில் வைத்தால் மறுநாளும் அரைத்தபடியே உட்கார்ந்திருக்கும். ஓவனைப் பற்றவைக்காமல் உள் விளக்கை மட்டும் போட்டு அதற்குள் வைத்தால் ராத்திரிக்குள் பொங்கிவிடும், பாத்திரத்துக்கு அடியில் ஒரு தட்டு மறக்காதீர்கள். ஓவன் கதவில் ஒரு சீட்டும் ஒட்டுங்கள், யாராவது பார்க்காமல் சூடு வைத்துவிட்டால் மாவு போச்சு. இன்னொன்று கறிவேப்பிலை. தொட்டியில்தான், மே கடைசியில் வெளியே, செப்டம்பர் நடுவில் உள்ளே, தெற்கு ஜன்னல் ஓரம். குளிர்காலத்தில் இலை கொட்டும், தண்ணீரைக் குறைத்துவிட்டு விட்டுவிடுங்கள், சாகவில்லை.

வீடு வாங்குபவர்களுக்கு, டெக்சாஸில் கேள்விப்படாத ஒன்று ரேடான். மண்ணிலிருந்து பேஸ்மெண்டுக்குள் வரும், நிறமும் மணமும் இல்லாத கதிரியக்க வாயு, நுரையீரல் புற்றுநோய் வரவழைப்பது. மினசோட்டாவில் ஐந்து வீட்டில் இரண்டில் அது அளவுக்கு மேல் இருக்கிறது என்று மாநில சுகாதாரத் துறையே சொல்கிறது. வாங்குமுன் சோதனை கேளுங்கள், கூடுதலாக இருந்தால் குழாய் வைத்துக் கூரைக்கு மேல் வெளியேற்ற இரண்டாயிரம் டாலர் சுமாருக்கு முடியும், விற்பவரையே செய்யச் சொல்லிப் பேரம் பேசலாம். வீட்டைச் சூடாக்கும் புது ஃபர்னஸ்களில் புகைக்குழாய் வீட்டின் பக்கச்சுவரில் தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில்தான் இருக்கும். பெரிய பனிக்குப் பிறகு முதல் வேலையாக அதன் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள், அடைத்தால் ஃபர்னஸ் நின்றுவிடும், விஷவாயு உள்ளே திரும்பும் அபாயமும் உண்டு.

இங்கே எல்லாம் சுகம் என்று நான் சொல்லவில்லை. 2023 ஜூனில் கனடாக் காட்டுத்தீப் புகை வந்து இந்த வட்டாரத்தில் காற்று மிக மோசமான நிலைக்குப் போனது. மூத்தவனுக்காக வந்த எங்களுக்கு அது சின்னக் கவலையில்லை, படுக்கையறைக்கு வடிகட்டி மெஷின் வாங்கி வைத்திருக்கிறோம். ஆலங்கட்டி மழை கூரையை உடைப்பதால் இங்கேயும் காப்பீட்டுக் கட்டணம் ஏறுகிறது, ஆலங்கட்டிக்கு மட்டும் தனியாக, வீட்டு மதிப்பில் ஒன்று இரண்டு சதவீதம் நாமே கட்ட வேண்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். மூட்டுவலிக்காரர்கள், ஏற்கெனவே மனச்சோர்வோடு போராடுபவர்கள், வருடம் முழுக்கப் பெற்றோரைக் கூட வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் ரொம்ப யோசியுங்கள். ஹூஸ்டனில் அத்தை பிப்ரவரியில் தானாக நடந்து பக்கத்துத் தெரு மாமி வீட்டுக்குப் போய் வருவார். இங்கே ஐஸில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தால் அந்த வயதில் எழுந்திருப்பதே சந்தேகம். ஆகவே அவரை மே முதல் செப்டம்பர் வரைதான் கூப்பிடுகிறோம். ஜூன், ஜூலையில் ஒன்பது மணி வரை வெளிச்சம், வீட்டுக்கு அருகே ஏரி, சுற்றி நடைபாதை. சாயங்காலம் பேரன்களோடு ஏரியைச் சுற்றிவிட்டு வந்து, இந்த ஊரில் வெயில் எவ்வளவு மரியாதையாக இருக்கிறது பார் என்பார். மூத்தவன் இங்கே கோடையில் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை. இன்ஹேலர் பையில்தான் இருக்கிறது, எடுப்பது குறைந்திருக்கிறது.

இதையெல்லாம் படித்தும் வரத் தோன்றினால், கோடையில் வந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிப்ரவரியில் ஒரு வாரம் வந்து வாடகைக் கார் எடுத்து, உங்கள் வேலைக்குப் போகும் சாலையில் காலையில் ஓட்டிப் பாருங்கள். பள்ளி மாறுவது ஜூனில் இருக்கட்டும், பனிக்கு முன் பிள்ளைகளுக்கு நண்பர்கள் கிடைக்க நாலு மாதம் அவகாசம் இருக்கும். வந்து 60 நாளுக்குள் ஓட்டுநர் உரிமமும் வண்டிப் பதிவும் மாற்ற வேண்டும். முதல் வருடம் வாடகைக்கு இருங்கள், ஒரு குளிர்காலம் முழுசாகப் போன பிறகு வீடு வாங்குங்கள். வாடகை வீடு பார்க்கும்போது கேட்க வேண்டியவை: கராஜ் வீட்டோடு ஒட்டியதா, கேஸ் பில் வாடகையில் சேர்த்தியா, போன ஜனவரி பில் எவ்வளவு, டிரைவ்வேயில் பனி அள்ளுவது யார். கடைசிக் கேள்விக்கு நீங்கள்தான் என்று பதில் வந்தால் நவம்பர் பிறக்குமுன் மண்வெட்டி வாங்கிவிடுங்கள், முதல் பனி எச்சரிக்கை வந்த அன்று கடையில் ஒன்றுகூட இருக்காது.